பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது

போன வாரம் பீச் ரோட்டில் காலை நடையின்போது பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். அவர் மகன் கார் வாங்கப் போகிறானாம். டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காத சின்னக் கார், ஆனால் வேகமாகப் போகும் ரகம். "உங்க பையன்கூட அந்த மாதிரிதானே வச்சிருக்கான்? உள்ளே வசதியா இருக்குமா?" என்று கேட்டார். "இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். உங்களில் யார் வீட்டிலாவது இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் உபயோகப்படும்.

இந்த ரகக் காரில் நான் முதலில் ஏறியது இங்கே இல்லை, பிரான்சில். 1988ஆம் வருடம். என் அக்காவின் கணவர் சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர். பாரீசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் குடியிருந்தார்கள். அக்கா டிக்கெட் அனுப்பி எங்கள் இருவரையும் கோடையில் ஒரு மாதம் கூப்பிட்டிருந்தாள். மூன்று வயது மகனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தோம்.

அக்கா மகன் அப்போதுதான் ஒரு பெழோ 205 ஜி.டி.ஐ. வாங்கியிருந்தான். 1.9 லிட்டர் எஞ்சின், 130 குதிரைச் சக்தி. வண்டியின் எடையோ ஏறக்குறைய 900 கிலோதான். உள்ளே தரை முழுக்கச் சிவப்புக் கம்பளம். இருக்கையின் நடுவில் துணி, இரண்டு பக்கமும் தோல். ஆயில் சூட்டுக்கும் ஆயில் அழுத்தத்துக்கும் தனித்தனி முள். நம்மூரில் அம்பாசடரையும் பியட்டையும் மட்டுமே பார்த்திருந்த எனக்கு அது விமானத்தின் உள்ளே நுழைந்த மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தியேப் என்ற கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனான். ரெனோ 5 ஆல்பின் என்ற இன்னொரு வேகக் காரைத் தயாரித்த ஊர் அது என்று வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினான். அந்தக் கடற்கரையில் மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல். "நம்ம ஊர் பாறைக்கு இது பரவாயில்ல" என்றாள் என் மனைவி.

205 ஜி.டி.ஐ.க்கு இரண்டே கதவு, பின்னால் டிக்கிக் கதவு ஒன்று. பின்னால் உட்கார வேண்டுமானால் முன் இருக்கையைச் சாய்த்து, குனிந்து, அந்தச் சந்துக்குள் நுழைய வேண்டும். பின்பக்கக் கண்ணாடியை இறக்க முடியாது. அக்கா மகன், "மாமா, அத்தை முன்னாடி உட்காரட்டும், புடவையோட பின்னாடி ஏற கஷ்டம்" என்றான். நான், "இல்லப்பா, அவ பின்னாடி உட்காந்துப்பா" என்றேன். அவளும் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நுழைந்துவிட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. போகும்போதும் வரும்போதும் நான் முன்னால் உட்கார்ந்து முள்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை அக்கா வீட்டில் அந்தக் காரின் விளக்கப் புத்தகத்தை உட்கார்ந்து படித்தேன். படித்தது பிரெஞ்சுப் பள்ளி என்பதால் மொழி சிரமமில்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்குப் பட்டியல் என்றால் தனி ருசி. காரோடு கூடவே வருவதற்கு 'தெ செரி' என்று பெயர். தனியாகப் பணம் கட்டிக் கேட்டு வாங்குவதற்கு 'ஆன் ஒப்சியோன்'. எது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்காக இருந்தது.

இனி 2021க்கு வருகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் கார் வாங்க முடிவு செய்தான். ஹாட்ச்பாக்தான், ஆனால் ஸ்போர்ட்ஸ் ரகம். ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், 120 குதிரைச் சக்தி. அன்று 1.9 லிட்டர் கொடுத்ததை இன்று அதில் பாதி அளவு எஞ்சின் ஏறக்குறைய கொடுத்துவிடுகிறது. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. கம்பெனி மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. குறை எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

நம் நாட்டில் பிரான்சு மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க முடியாது. இரண்டு மூன்று வேரியன்ட் வைத்திருப்பார்கள். ஒரு வசதி வேண்டுமென்றால் அதோடு வேண்டாத நான்கையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். மகன் மேல் வேரியன்ட் வேண்டும் என்றான். வித்தியாசம் சுமார் ஒன்றேகால் லட்சம். முன்பணத்தில் ஒரு பங்கு என்னுடைய வைப்புத் தொகையிலிருந்து போவதால், பட்டியலை என்னிடம் கொடு என்று வாங்கினேன்.

முப்பத்தேழு வருடம் அரசாங்க வேலையில் நான் செய்தது அதுதான். இந்தப் பிரிவுக்கு மின்விசிறி வேண்டும், அந்தப் பிரிவுக்கு நாற்காலி வேண்டும் என்று கோப்பு வரும். தேவையா என்று பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். பாதிக் கோப்புகளில் 'அவசியமில்லை' என்றுதான் எழுதியிருப்பேன். அரசாங்கப் பணத்தை மிச்சப்படுத்தியதில் இன்றும் எனக்குப் பெருமை உண்டு. காரின் பட்டியலையும் அப்படியே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மேல் வேரியன்டில் மட்டும் இருந்தவை இவை: திறக்கும் கூரைக் கண்ணாடி, பெரிய ஸ்பீக்கர்கள், வயரில்லாமல் போனுக்குச் சார்ஜ் ஏற்றும் தட்டு, பின் சீட்டுக்குத் தனி ஏ.சி. துவாரம், பின் சீட்டின் நடுவில் கை வைக்கும் மடக்குத் தாங்கி, உயரத்தை மாற்றக்கூடிய தலை தாங்கி. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடித்தேன். எஞ்சின் ஒன்றுதான், ஏர்பேக் எண்ணிக்கை ஒன்றுதான், பிரேக் ஒன்றுதான், பிறகு எதற்குக் கூடுதல் பணம் என்பது என் வாதம். மகன் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டான். அவனுக்குப் பிடித்த சிவப்புத் தையல் போட்ட ஸ்டியரிங்கும், உடம்பைக் கவ்விப் பிடிக்கும் முன் இருக்கைகளும் கீழ் வேரியன்டிலேயே இருந்தன.

ஷோரூமுக்கு நாங்கள் இருவரும் போனோம். என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகத் தோன்றவில்லை.

கார் நன்றாகவே ஓடியது. மகன் மாதம் இரண்டு முறை மருமகளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு வருவான். மனைவிக்கு முட்டி வலி ஆரம்பித்திருந்த சமயம். ஆஸ்பத்திரிக்கோ, கோயிலுக்கோ, உறவினர் வீட்டுக்கோ எல்லோரும் அந்தக் காரில்தான் போனோம். மகன் ஓட்டுவான், நான் பக்கத்தில், அவர்கள் மூவரும் பின்னால்.

ஒரு வருடம் போயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அவள் வருவது குறைந்தது. "வெயிலா இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்பாள். "செடிக்குத் தண்ணி யாரு விடுவா" என்பாள். வயதாகிறது, வீட்டிலேயே இருக்கப் பிரியப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் தங்கை காரைக்காலில் இருக்கிறாள். அந்தத் தங்கை மகளின் வளைகாப்புக்குக்கூட இவள் கிளம்பவில்லை. நானும் மகனும் போய்த் தட்டு வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் தங்கை எனக்குப் போன் செய்தாள். "மாமா, நான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லாதீங்க. அந்தக் கார்ல பின்னாடி உக்காந்தா அக்காவுக்கு மூச்சு முட்டுதாம். இறங்கறப்ப முட்டி பிடிச்சுக்குதாம். போன தடவை வந்தப்பவே கார் கதவைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னுது. நீங்க பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. முன் கதவைத் திறந்து இறங்கி, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போயிருப்பேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"கணக்குப் பாத்து வாங்கின கார், மனசு கஷ்டப்படுவாருன்னு சொல்லிச்சு மாமா."

அன்று மாலை மருமகளிடம் போனில் கேட்டேன். அவளுக்கு முன்பே தெரியும். மகனுக்கும் தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

அடுத்த முறை மகன் வந்தபோது, நான் பின்னால் உட்காருகிறேன், கடலூர் வரை ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்றேன். மே மாதம், பகல் பன்னிரண்டு மணி. அந்த ஒரு பயணத்தில் எனக்குப் புரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உயரம். இந்த ரகக் கார் வளைவில் சாயாமல் போக வேண்டும் என்பதற்காகத் தாழ்வாக அமைப்பார்கள். இருக்கையும் தாழ்வு. உட்காரும்போது நாம் உட்காருவதில்லை, விழுகிறோம். உட்கார்ந்த பிறகு முட்டி இடுப்பைவிட மேலே நிற்கிறது. இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதையும் முட்டிதான் தூக்க வேண்டும்.

இரண்டாவது, குலுக்கல். ஸ்பிரிங் கெட்டியானது. டயரின் ரப்பர் பக்கச் சுவர் குட்டையானது, அதனால் பள்ளத்தை வாங்கிக்கொள்ள அதில் இடம் குறைவு. முன்னால் இருப்பவர் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உட்காருகிறார். பின்னால் இருப்பவர் ஏறக்குறைய பின்சக்கரத்தின் மேலேயே உட்காருகிறார். அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் எத்தனை வேகத்தடை என்று என் முதுகு எண்ணிவிட்டது. மூன்று வருடம் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவற்றை நான் எண்ணியதே இல்லை.

மூன்றாவது, இருட்டு. கூரையின் உட்பக்கம் கறுப்பு, கதவு கறுப்பு, இருக்கை கறுப்பு. படத்தில் பார்க்க அழகுதான். பின் ஜன்னல் பின்னால் போகப் போக மேலேறிக் குறுகிவிடுகிறது. முன் இருக்கைகளில் முதுகும் தலை தாங்கியும் ஒரே துண்டாக, அகலமாக இருக்கின்றன. அவற்றைத் தாண்டிச் சாலை தெரியாது. என் கண்ணுக்கு எதிரே இருந்தது கறுப்புத் தோலும் சிவப்புத் தையலும்தான்.

நான்காவது, காற்று. முன்னால் ஏ.சி. சில்லென்று வீசுகிறது. அந்த அகலமான இரண்டு இருக்கைகளையும் தாண்டி அது பின்னால் வருவதற்கு வெகு நேரமாகிறது. நான் ஒரே கோட்டில் அடித்த பட்டியலில் பின் சீட்டு ஏ.சி. துவாரம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் அப்போது நினைவு வந்தது. கூரைக் கண்ணாடியும் பெரிய ஸ்பீக்கரும் ஆடம்பரம்தான், அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆடம்பரத்தையும் அவசியத்தையும் ஒரே கோட்டில் அடித்தது தவறு. ஆபீசில் ஒரு புதுப் பையன் அப்படிக் குறிப்பு எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கடலூரில் இறங்கியபோது நானும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

வேகமான சின்னக் கார்களைப் பற்றி இணையத்தில் தேடிப் படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. இந்த ரகத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1976இல் ஜெர்மனியில் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. முதலில் ஐயாயிரம் வண்டி விற்றால் போதும் என்றுதான் திட்டம் போட்டார்களாம். அந்தக் காரின் கட்டம் போட்ட இருக்கைத் துணியும், கோல்ஃப் பந்து போன்ற கியர் குமிழும் இன்றுவரை பிரபலம். இரண்டையும் யோசித்துக் கொடுத்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணி. வேகத்துக்கென்றே செய்த காரின் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறார்கள். நான் என் வீட்டில் இருப்பவளிடம் கேட்கவில்லை.

மகன் காரை மாற்றிவிடலாம் என்றான். அவள் சம்மதிக்கவில்லை. "நல்லா ஓடற வண்டியை எதுக்கு விக்கணும்?" என்றாள். சரி, இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தோம்.

முதலில் சீட் கவரும் மெத்தையும் போட்டுப் பார்க்க நினைத்தேன். கடைக்காரர் நல்லவர். "சார், உங்க வண்டியில பக்கவாட்டு ஏர்பேக் முன் சீட்டுக்குள்ளயே இருக்கு. சாதா கவர் போட்டு மூடினா அது வெடிச்சு வெளியே வர தடையாயிடும்" என்று திருப்பி அனுப்பினார். இது பலருக்குத் தெரியாத விஷயம், குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வழி சொன்னவர் மனைவியின் பிசியோதெரபிஸ்ட். செலவில்லாத வழி. அவளை முன்னால் உட்கார வையுங்கள் என்றார். முன் இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, முதுகைக் கொஞ்சம் சாய்த்துவிட வேண்டும். முதலில் காரை நோக்கி முதுகைக் காட்டி, இருக்கையின் ஓரத்தில் உட்கார வேண்டும். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒற்றைக் காலில் நின்று இன்னொரு காலை உள்ளே விடும் நம் வழக்கம்தான் முட்டிக்குக் கேடு. ஸ்போர்ட்ஸ் இருக்கையின் பக்கவாட்டு மேடு கொஞ்சம் இடைஞ்சல்தான். நான்கு முறை பழகியதும் சரியாகிவிட்டது.

யோசித்துப் பார்த்தால், 1988இல் அக்கா மகன் சொன்னதும் இதே யோசனைதான். அப்போது அவளுக்காகப் பதில் சொன்னவன் நான். முன் இருக்கை எனக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் வீட்டில் அது எனக்குத் 'தெ செரி'யாக வந்தது. அவளுடைய சௌகரியம்தான் எப்போதும் 'ஒப்சியோன்' பத்தியில் இருந்திருக்கிறது.

நண்பருக்குச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் பார்க்கப் போகும்போது வீட்டில் மூத்தவரை, முட்டி வலி உள்ளவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். முன்னாலும் பின்னாலும் மூன்று மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். புடவையோடுதான் காரில் போவார் என்றால் புடவையோடே ஏறட்டும். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கதவுக்கு மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கை உங்கள் தொடை உயரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டெஸ்ட் டிரைவில் பாதித் தூரமாவது பின்னால் உட்காருங்கள், அதுவும் மத்தியான வெயிலில், மோசமான ரோட்டில். பிறகு பட்டியலைக் கையில் எடுங்கள். எதை அடிப்பது என்று பின்னால் உட்காரப் போகிறவரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள். இவ்வளவும் செய்த பிறகு உங்கள் மகன் அந்த வேகக் காரையே வாங்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது அந்த எஞ்சின் தரும் தைரியம் உண்மையானதுதான்.

போன தை மாதம் அந்தத் தங்கை மகளின் குழந்தைக்குக் காதுகுத்து. காலை ஆறு மணிக்குக் காரைக்கால் கிளம்பினோம். போக சுமார் 130 கிலோமீட்டர். மகன் முன்கூட்டியே இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தான். அவள் பழகியபடி உட்கார்ந்து காலைத் திருப்பினாள். நான் பின்னால், பேரனுக்கும் மருமகளுக்கும் பக்கத்தில். முட்டி என்னவோ நெஞ்சுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவளுக்குக் கேட்கும்படி எதுவும் சொல்லவில்லை.

சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது, "என்னங்க, தண்ணி போவுது பாருங்க" என்றாள். எனக்கு எதிரே சிவப்புத் தையல்தான் தெரிந்தது. எட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

"எவ்வளவு போவுது?" என்று கேட்டேன். பாலம் முடியும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.